கண்ணாடிக் கூடு

ஆசாரிப்பள்ளத்தில் கழுத்தைத் தைத்து அனுப்பியபோது
"பயப்படுகிற கட்டி இல்லம்மா" என்றார் டாக்டர்.
குரலைப் பற்றி அவர் சொல்லவில்லை.
கேட்கலாம் என்று நான் வாயைத் திறந்தபோது
உள்ளே வேறு யாரோ இருமினார்கள்.

பத்தொன்பது வருஷம்
கடையாலுமூட்டுக் கோயில் பாடகர் குழுவில் முன்வரிசை.
ஐந்தரைக் கட்டையில் நான் அல்லேலூயா எடுத்தால்
மேல்ஜன்னல் புறா இடம் மாறும்.
இப்போது மாஸ்டர் செல்சன்
நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"கொஞ்ச நாளு பின்னால நில்லுங்க சலேத்தக்கா.
வாய மட்டும் அசைச்சாப் போரும்."
அசைத்தேன்,
தொட்டிக்குள் மீன் அசைப்பதுபோல
மூன்று ஞாயிறு.
நாலாவது ஞாயிறு தலைவலி.

பால்வெட்டுக்குக் குரல் வேண்டாம்.
மூன்று மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டினால்
இருநூற்றெண்பது மரம்.
கத்தி போன வழியே வெள்ளை இறங்கி
சிரட்டையில் சொட்டும்.
ஒரு மரத்துக்கு அவசரம், ஒரு மரத்துக்குச் சோம்பல்.
முன்பு இந்தச் சொட்டுகளுக்கு மேலே
பாடிக்கொண்டேதான் வரிசை மாறுவேன்.
பாட்டு நின்ற பிறகுதான் தெரிந்தது
இத்தனை மரமும் இத்தனை நாளும்
ஒன்றையொன்று கேட்காமலே சொட்டியிருக்கின்றன.

வெட்டி முடித்தால்
பால் எடுக்க இரண்டு மணி நேரம் இருக்கிறது.
தோட்டத்தின் கீழ்முனையில்
ரோடு வளையும் இடத்தில் குருசடி.
எட்டுப் பேர் நின்றால் ஒன்பதாவது ஆள் மழையில்.
நான் ஜெபிக்கப் போகவில்லை,
சாரல் அடித்தது, ஏறினேன்.
கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோணியார்,
காலடியில் செவ்வாய்க்கிழமைப் பிச்சிப்பூ
பழுப்பேறிக் கிடந்தது.
கேட்பதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்து
ஒரு பெருமூச்சு விட்டேன்.
மூச்சின் அடியில் ஒரு 'ம்' இருந்திருக்கிறது.

கிர்ர் என்றது கண்ணாடி.

பஸ் போகவில்லை. காற்றும் இல்லை.
மறுபடி 'ம்'. மறுபடி கிர்ர்.
ஒரு இழை ஏற்றினேன், பேச்சில்லை.
ஒரு இழை இறக்கினேன், அதற்கும் பேச்சில்லை.
சரியாக அந்த ஒரே இடத்தில்
அவர் வீடு முழுக்க நடுங்கியது.
என் பழைய குரலில் அந்த இடம் கிடையாது.
அங்கே இறங்கப் படியே இல்லை எனக்கு.

அதையே 'ச' என்று வைத்துக்கொண்டேன்.
மறுநாள் மூன்று படி ஏறி ஒன்று இறங்கினேன்.
அதற்கடுத்த நாள், ஏறுமுன்
சோம்பல் மரம்போல நின்று பார்த்தேன்.
எங்கே சுற்றினாலும் கடைசியில்
கண்ணாடிக்கு வந்து சேரவேண்டும்,
அது ஒன்றுதான் விதி.
வார்த்தை இன்னும் வரவில்லை.
வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை.
கையில் குழந்தை இருக்கிறது,
தாலாட்டு என்று நினைத்திருப்பார்.

ஜூனில் திருநாள். சுவருக்கு வெள்ளையடிக்க வந்த வறுவேல்
கூட்டைத் தட்டிப் பார்த்தான்.
"எக்கா, கண்ணாடி ஆடுவு கண்டியளா,
விழுந்து தொலச்சா ஆரு வாங்குவா?"
சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை மடித்து
மூலையில் இறுக்கினான்.
மறுநாள் பாடினேன்.
'ச'வில் வந்து நின்றேன்.
ஒன்றுமில்லை.
உள்ளே அவர்
வாயை மட்டும் அசைப்பவர்போல நின்றார்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும் சாமி.

பால்கத்தியின் நுனியால் நெம்பினேன்.
பஸ் டிக்கெட், குலசேகரம் – களியல்,
பதினோரு ரூபாய்.
கீழே போட மனமில்லாமல்
உண்டியலில் போட்டேன்.

பிறகு எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை.
அன்று பால் எடுக்கப் பிந்தி
ஏழு சிரட்டை உறைந்துபோனது.
ஒட்டுப்பால் கணக்கில் எழுதிக்கொண்ட கங்காணி
என்ன ஆச்சு என்றார்.
"பாடிக்கிட்டு இருந்தேன்" என்றேன்,
கண்ணாடி அதிரும் அதே குரலில்.
பேனாவை நிறுத்தி
ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு
ஏழு என்று எழுதினார்.